கண்மாய்த் தரை

அறந்தாங்கியில் என் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் எடுக்காமல் வளைகுடாவுக்கு விமானம் ஏறிய ஆம்பளைகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. காதைக் காட்டு, மோவாயை இறக்கு, பல்லைக் காட்டாதே என்று நான் அதட்டி எடுத்த மூஞ்சிகள்தான் இன்றைக்குத் துபாயிலும் குவைத்திலும் ஓமனிலும் வேலை பார்க்கின்றன. நான் மட்டும் திருச்சி விமான நிலையத்தின் வாசலைத் தாண்டியதில்லை. எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அப்படிப்பட்டவன்தான், ஓமன் பாலைவனத்தில் எந்த மணல்மேட்டுக்கு எந்தப் பக்கம் விடிகாலை நிழல் விழும், எத்தனை மணிக்கு அது கலையும், எந்த வழியில் போய் எந்த வழியில் திரும்பினால் வெயில் ஏறுமுன் அறைக்கு வந்துவிடலாம் என்று முப்பத்திரண்டு பயணங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். முப்பத்தொன்று நல்லபடியாகத்தான் முடிந்தன.

போய்வந்தவன் நிலவழகன். ஆலங்குடிப் பக்கம் கீழேந்தல்காரன். பத்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கல்யாண வீடுகளுக்கு இரண்டாவது கேமரா பிடித்தவன். என்னைவிட ஏழு வயது இளையவன், என்னைவிட நூறு மடங்கு பொறுமைசாலி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். மணவறையில் மாப்பிள்ளையின் தாய்மாமனையே "யோவ், தள்ளி நில்லுய்யா, மறைக்கிற" என்று சொல்லி அடி வாங்காமல் தப்பியவன் நான். அந்த மாமனைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போய், அவருக்குத் தனியாக நாலு படம் எடுத்துச் சமாதானம் பண்ணியவன் அவன்.

தொழிலில் நான் அவனுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று, எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் ஃப்ரேம் பத்திரிகை. ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் எடுத்தால் கேமராவின் மெமரி கார்டு மாறிப்போகும். கார்டைத் திறந்ததும் முதலில் பத்திரிகைப் படம் வந்தால்தான் இது யார் வீட்டுக் கல்யாணம், என்ன தேதி என்று தெரியும். இந்த வழக்கத்தை அவன் கடைசிவரை விடவில்லை. இன்னொன்று, கார் ஓட்டுவது. கீழேந்தல் கண்மாய் சித்திரையில் பொட்டு ஈரமில்லாமல் வெடித்துக் கிடக்கும். வெள்ளை வெளேரென்று, கட்டாந்தரையாக. அதில் கிரிக்கெட் ஆடுவார்கள், பந்தல் போடுவார்கள், கரும்பு லாரியே குறுக்கே போகும். என் பழைய ஆம்னி வேனில் அவனை உட்காரவைத்து அந்தக் கண்மாய்க்குள்தான் ஓட்டப் பழக்கினேன். "இடிக்க ஒரு மரம் கெடையாது, பொதைய ஒரு குழி கெடையாது. பயப்படாம மிதிடா" என்று கத்தினேன். மிதித்தான்.

அந்த ஓட்டுநர் வேலைதான் அவனை ஓமனுக்குக் கொண்டுபோனது. குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றில் பிக்கப் ஓட்டினான். அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் படம் ஒன்றை அனுப்பினான். மணல்மேடு. ஒரு பாதி பொன், ஒரு பாதி கறுப்பு. நடுவில் கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. நான் அப்போது ஒரு காதுகுத்து ஆல்பத்துக்குப் பின்னணியில் ரோஜாப்பூ ஒட்டிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாக மனுஷ மூஞ்சியையே எடுத்து எடுத்துச் சலித்தவனுக்கு, ஒரு மூஞ்சி கூட இல்லாத அந்தப் படம் பச்சைத்தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

உடனே போனைப் போட்டுத் திட்டினேன். "எட்டு மணிக்குப் போயி எடுத்துருக்க. ஆறு மணிக்கு அங்க நின்னுருந்தா நெழலு இன்னும் நீளமா இருந்துருக்கும். கிறுக்குப்பயலே, யோசிச்சுப் போக மாட்டியா?"

"நீங்க யோசிச்சுச் சொல்லுங்கண்ணே, நான் போறேன்" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடையில் ஆள் வராத மத்தியானங்களில் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். அவன் தங்கியிருந்த இடத்திலிருந்து ஒரு பகலுக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருந்த மணல்மேடுகளை எல்லாம் எனக்குத் தெரியும். சூரியன் எந்தத் திசையில் எழும், காற்று எந்தப் பக்கமிருந்து வந்து காலடித் தடத்தை அழிக்கும், மணலில் சிக்காமல் இருக்க டயரில் எவ்வளவு காற்றை இறக்கணும், எத்தனை லிட்டர் தண்ணீர் வேணும், எல்லாவற்றையும் போனில் சொல்வேன். அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். கூட அதே அறையில் இருந்த ஜஸ்டின் போவான்; வழி போட்டுக் கொடுப்பது நான் என்று அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் படங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் குற்றம் சொல்வேன். என் பெரிய கட்டளை ஒன்று உண்டு: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. "மனுஷனப் பாக்குறதுக்கு எனக்கு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு போதும். மண்ண மட்டும் காட்டு" என்பேன். ஒருமுறை அவன் மேட்டு உச்சியில் நின்று எடுத்துக்கொண்ட படத்தை அனுப்பினான். "நந்தி மாதிரி நடுவுல நிக்கிற" என்று திட்டினேன். அதற்குப் பிறகு அனுப்பவில்லை. ஊருக்கு வரும்போது எங்கள் படங்களை என் ஸ்டூடியோச் சுவர் முழுக்க மாட்டுவது என்று பேச்சு.

போன வருஷம் ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி முப்பத்திரண்டாவது திட்டத்தைப் போட்டேன். தேதி எனக்கு மறக்காது. வெயில் காலம் பிறந்துவிட்டதால் இனி மழைக்குப் பிறகுதான் என்று நானே சொல்லியிருந்தேன். அவன்தான் கெஞ்சினான். "ஒண்ணே ஒண்ணுண்ணே. அடுத்த மாசக் கடைசியில லீவு. ஊருக்கு வாரதுக்கு முன்னாடி ஒரு தடவ."

வெயிலுக்குப் பயந்துதான் யோசித்தேன். அதைச் சொல்லியே ஆகணும். அவன் நன்றாக இருக்கணும் என்றுதான் யோசித்தேன். தார் ரோட்டிலிருந்து அந்த மணல்மேட்டுக்குப் போகச் சுற்றுவழி நாற்பது கிலோமீட்டர், முழுக்க மணல். ஆனால் ரோட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில், பன்னிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு, வெள்ளையாக ஒரு தட்டைத் தரை திரையில் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. ஓரத்தில் தண்ணீர் வற்றிப்போன கோடுகள். அட, நம்ம கண்மாய்! பிறந்ததிலிருந்து பார்க்கிற தரைதானே, எனக்குத் தெரியாதா? போகும்போது இருட்டு, சுற்றிப் போகட்டும். திரும்பும்போது ஏழே முக்காலுக்குக் கிளம்பி இதற்குள் குறுக்கே விழுந்தால் ஒன்பதரைக்கு அறையில் இருக்கலாம். வெயில் உறைக்குமுன் வந்துவிடுவான். வழக்கமாகப் பதினைந்து லிட்டர் தண்ணீர் சொல்வேன். இது பாதிப்பொழுதுப் பயணம்தானே, அஞ்சு லிட்டர் போதும், பாரம் எதற்கு என்றேன்.

அவன் கேட்டான். கேட்காமல் இல்லை. "அந்தத் தரையில உள்ளுக்குள்ள ஈரம் கீரம் இருக்குமாண்ணே?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "பாலைவனத்துல ஏதுடா ஈரம்? நான் ராத்திரியும் பகலும் உக்காந்து பாத்துச் சொல்றேன், நீ நொட்டம் சொல்றியா? கண்மாய்த் தரைடா அது. கண்ண மூடிக்கிட்டு வா."

"சரிங்கண்ணே" என்றான். அவன் எப்போதும் சரிங்கண்ணே என்பான்.

மே ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை போனான். அன்றைக்கு ஜஸ்டினுக்குச் சபையில் ஆராதனை, வரவில்லை. நான் ஆலங்குடியில் ஒரு கல்யாணத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் படம் வரவில்லை. அசதியில் தூங்கியிருப்பான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் கண்டுபிடித்தார்கள். பிக்கப் அந்த வெள்ளைத் தரைக்கு நடுவில் அச்சுவரை புதைந்து கிடந்தது. அவன் அதிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டை நோக்கி நடந்த வாக்கில் கிடந்தான்.

ஜஸ்டின் போனில் அழுதான். "உப்புத் தரைண்ணே. மேல அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கும், உள்ளுக்குள்ள அத்தனையும் சேறு. இங்க உள்ளவங்க அதுல ஒட்டகத்தக்கூட விட மாட்டாங்க. இவன் ஏன் அங்கிட்டுப் போனான்னே தெரியலயேண்ணே!"

"எனக்கும் தெரியலப்பா" என்றேன்.

அதுதான் முதல் பொய். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்தடுத்து வந்தவை எல்லாம் அதைக் காப்பாற்ற வந்தவை.

உடல் வந்துசேரப் பதினெட்டு நாள் ஆனது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கீழேந்தலுக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டி நின்றேன். அங்கேதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

நிலவழகனின் மனைவி அன்புமொழி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அதட்டிக்கூடப் பேசாத பெண். வியாழக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் போனில் சண்டை போட்டிருக்கிறார்கள். மகள் வைஷ்ணவிக்கு ஜூனில் காதுகுத்து வைத்திருந்தார்கள். லீவு ஒரு மாசம் தள்ளிப் போகும்போல என்று அவன் சொல்லியிருக்கிறான். மூன்றாவது தடவையாகத் தள்ளுகிறது. ஆத்திரத்தில் இவள், "அப்ப நீங்க வரவே வேணாம். அந்த மண்ணுலயே போயிக் கெடங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஸ்பீக்கரில் பேசியது. மாமியார் இருளாயி அடுப்படியில் இருந்து கேட்டிருக்கிறாள்.

"எம்புள்ள போறதாவே இல்ல" என்று பெட்டியின் மேல் அறைந்து அறைந்து அழுதாள் இருளாயி. "இவ பேசுன பேச்சு தாங்காம, கோவத்துல வண்டிய எடுத்துக்கிட்டு எங்கிட்டுப் போறோம்னு தெரியாம போயிட்டான். மண்ணுல போயிக் கெடன்னா! கெடந்துட்டானேடி! பாவி, கெடந்துட்டானே!"

அன்புமொழி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மாமியார் சொன்னதை அவளும் நம்பினாள், அது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பயணம் இருபது நாளுக்கு முன்பே போட்ட திட்டம். சண்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேப்பமரத்தடியிலிருந்து பத்தடி நடந்துபோய் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், யார் போட்ட திட்டம் என்பார்கள். எந்த வழி சொன்னாய் என்பார்கள். ஜஸ்டினிடம் "தெரியலப்பா" என்று சொன்ன வாய், அன்றைக்கும் மூடியே இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இருளாயி மருமகள் கையால் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரே வீடுதான். ஆனால் தனி அடுப்பு, தனிக் குடம். முட்டிவலியோடு தெருக்குழாய் வரைக்கும் போய்த் தன் தண்ணீரைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறாளாம். கேட்டவர்களிடம் எல்லாம், "எம்புள்ளைய வாயாலயே கொன்னவ. அவ தொட்ட தண்ணி எனக்கு எறங்காது" என்கிறாளாம். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே பதினோரு மாசம் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். செயற்கைக்கோள் படத்தை மட்டும் திறக்கவில்லை.

இந்த ஏப்ரலில் ஜஸ்டின் லீவில் வந்தான். நிலவழகனின் பையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். மறுநாள் அன்புமொழி ஸ்டூடியோவுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மஞ்சள் பையிலிருந்து கேமராவை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"வண்டிக்குள்ள இருந்துருக்குண்ணே. இதுல அவரு படம் எதாச்சும் இருக்கான்னு பாருங்க. தெவசத்துக்கு வைக்கணும். வீட்டுல பாஸ்போர்ட் படம் ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் பாஸ்போர்ட் படமும் நான் எடுத்ததுதான். சிரிக்காதே என்று அதட்டி எடுத்தது.

"வச்சுட்டுப் போத்தா. நாளைக்கி வா, பாத்து வைக்கிறேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

போகும்போது திரும்பி என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள். "முழுசாப் பாருங்கண்ணே. மொதல்லேர்ந்து" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கேமராவை முடுக்கினேன். ஒரு வருஷம் கிடந்த கேமரா, பேட்டரி முழுசாக இருந்தது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன்.

முதல் ஃப்ரேம் பத்திரிகை. அந்தக் கிறுக்கன் விடவே இல்லை. நோட்டில் எழுதிய திட்டத்தை, வண்டியின் விளக்கொளியில் வைத்து முதல் படமாக எடுத்திருந்தான். குண்டு குண்டான எழுத்து.

"பயணம் 32. திட்டம் போட்டது 19.4.2025. போற நாள் 9.5.2025, வெள்ளி. போகும்போது சுத்து வழி. திரும்பும்போது வெள்ளைத் தரைக்குள்ள குறுக்க. செம்மல் அண்ணன் சொன்னது: கண்மாய்த் தரை, நேரா வரலாம். தண்ணி 5 லிட்டர் போதும்."

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு மற்றவற்றைப் பார்த்தேன். விடியல், மேடு, நிழல். அவன் எடுத்ததிலேயே அருமையான படங்கள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. எதிலும் ஆள் இல்லை. நாற்பத்தோராவது படத்தில் மட்டும் அவனுடைய நிழல் மணலில் நீளமாக விழுந்திருந்தது. ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்குத்தான். நிழல் விழுந்தால் நான் திட்டுவேன் என்று தெரிந்து, வேண்டுமென்றே எடுத்திருக்கிறான். அதற்கடுத்த இரண்டு படம் புதைந்த முன்சக்கரம். அதையும் எனக்குக் காட்டத்தான் எடுத்திருக்கிறான். எப்படித் தூக்குவது என்று கேட்க. அங்கே சிக்னல் கிடையாது.

மேசையில் தலையை வைத்து அழுதேன். அழுது முடித்துவிட்டு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஃப்ரேமைத் திறந்து கீழ்ப்பாதியை வெட்டினேன். தேதிகள் இருக்கும் மேல் இரண்டு வரி மட்டும் மிச்சம். இது போதுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சண்டைக்கு இருபது நாள் முன்னாலேயே போட்ட திட்டம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பாரம் இறங்கும். என் பெயர் எதற்கு நடுவில்? இருபது வருஷமாக அடுத்தவன் கையை, காலை, பிடிக்காத சொந்தக்காரனை எல்லாம் படத்திலிருந்து வெட்டி எடுத்தவனுக்கு, தன் பெயரை வெட்டுவது பெரிய வேலையா? பிரிண்ட் போட்டு உறையில் வைத்தேன்.

மறுநாள் அன்புமொழி வந்தாள். மணல்மேட்டுப் படங்களை எல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தாள். "எதுலயுமே அவரு இல்லியேண்ணே, ஏன்?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொன்னதால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிழல் படம் வந்ததும் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இது அவரு. காலரத் தூக்கி விட்டுக்கிட்டுத்தான் நிப்பாரு. இதப் பெருசாப் போட்டுக் குடுங்க."

பிறகு நான் உறையை நீட்டினேன். "இது ஒனக்குத்தான் ஆத்தா. நீ சண்ட போட்டதால அவன் போகல. பாரு, தேதியப் பாரு. முன்னாடியே போட்ட திட்டம். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"இவ்வளவுதானாண்ணே?"

"இவ்வளவுதான் ஆத்தா."

தாளை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "ஜஸ்டின் அண்ணன் எங்க வீட்டுலயே சார்ஜ் போட்டுக் காட்டிட்டாரு. அந்தச் சின்னத் திரையில பெருசு பண்ணிப் பெருசு பண்ணி, ஒரு எழுத்து விடாம படிச்சுட்டேன். தெரிஞ்சுதான் ஒங்ககிட்ட கொண்டாந்தேன்."

வெட்டிய தாளை எடுத்து மறுபடி உறைக்குள் செருகப் பார்த்தேன்.

"நேத்து ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டே கெடந்தேன். அண்ணன் நாளைக்கி அதப் பாத்துட்டு எல்லாத்தையும் சொல்லிருவாரு, நாமளா கேக்க வேண்டியதில்லன்னு. நீங்க என்னடான்னா கத்தரிச்சு எடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

"அன்பு... அவன் நல்லதுக்குன்னுதான் ஆத்தா அந்த வழியச் சொன்னேன். வெயிலுக்கு முன்னாடி வந்துறணும்னு..."

"தெரியும்ண்ணே. நீங்க அவரச் சாகச் சொல்லல. நானும் சாகச் சொல்லல. ஆனா நான் சொன்னது ஊருக்கே தெரியும். நீங்க சொன்னது யாருக்குமே தெரியாது. பதினோரு மாசமா நான் ஒருத்தியே சொமக்குறேன்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எம்புள்ள பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து கேக்குது. நீதான் அப்பாவப் போகச் சொன்னியாம்மான்னு. நான் ஆமான்னு சொல்லிருக்கேண்ணே. எனக்கே அப்புடித்தான தெரியும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாடகம் இல்லை, கை தானாகப் போனது.

"போலீசுக்கெல்லாம் போகல. ஒங்களத் திட்டவும் எனக்குத் தெம்பில்ல" என்றாள். "தெவசத்தன்னைக்கு வாங்க. எங்க அத்தைக்கிட்ட ஒங்க வாயால சொல்லுங்க. தாளக் காட்டுனா அதுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிச்சுச் சொன்னா நம்பாது."

நிழல் படத்துக்குப் பணம் எவ்வளவு என்று கேட்டாள். அதற்கு நான் செருப்பால் அடி வாங்கியிருக்கலாம்.

அவன் என்றைக்குச் செத்தான் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளியா, சனியா, ஞாயிறு காலையா. ஜோசியர் அவன் கிளம்பிப் போன வெள்ளிக்கிழமையின் திதியையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த நாளில் முழுத் தாளையும், நிழல் படத்தையும் எடுத்துக்கொண்டு கீழேந்தலுக்குப் போனேன். உச்சி வெயில். கண்மாய்க்கரை வழியாகத்தான் ரோடு. தண்ணீர் வற்றி, வெள்ளையாக வெடித்துக் கிடந்தது கண்மாய். உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வண்டியை விட்டேன்.

படையல் முடிந்து சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாலை போட்ட பாஸ்போர்ட் படம். சிரிக்காமல் என்னைப் பார்த்தான். இருளாயி தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தனிச் செம்பு. நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆத்தா, ஒண்ணு சொல்லணும். ஒம்புள்ள கோவத்துல போகல. போறதுக்கு இருபது நாளைக்கி முன்னாடியே திட்டம் போட்டாச்சு. போட்டவன் நான். அந்தத் தரையில போகலாம்னு வழி சொன்னவனும் நான்தான். நம்ம கண்மாய் மாதிரி இருக்கும்னு நெனச்சேன். ஈரம் இருக்குமாண்ணேன்னு கேட்டான். இருக்காதுன்னு அதட்டுனேன். ஒம்மருமக பேசுன பேச்சுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே இத்தன நாளு சொல்லாம இருந்துட்டேன்."

பின்னாலிருந்து எவனோ "அடப்பாவி" என்றான். யாராவது எழுந்துவந்து என் சட்டையைப் பிடித்தால் தேவலை என்று இருந்தது. யாரும் வரவில்லை. அன்புமொழி வாசல்படியில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருளாயி என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதில் கடைசி வரியின் மேல் விரலை வைத்தாள். "இது என்னா எழுதிருக்கு?"

"தண்ணி... எம்புட்டு எடுத்துட்டுப் போகணும்னு எழுதிருக்கு ஆத்தா."

"எம்புட்டு?"

"அஞ்சு லிட்டர்."

"அஞ்சு லிட்டர்னா எத்தன செம்பு?"

நான் அவள் செம்பைப் பார்த்தேன். "ஒரு அஞ்சு செம்பு வரும் ஆத்தா."

"நீ சொன்னியா, அவனா எடுத்துட்டுப் போனானா?"

"நான்தான் சொன்னேன்."

"என்னோட ஆடு ரெண்டும் ஒரு நாளைக்கி அதவிடக் கூடக் குடிக்கும்" என்றாள். சத்தமே போடவில்லை. அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பிறகு தலையைத் திருப்பாமலே வாசல்பக்கம் குரல் கொடுத்தாள். "அன்பு... கொஞ்சம் தண்ணி கொண்டாத்தா."

அன்புமொழி அசையாமல் நின்றாள். கேட்டது சரிதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள்தான், "அம்மா, அப்பத்தா தண்ணி கேக்குது" என்று அவள் சேலையை இழுத்தாள். உள்ளே ஓடினாள். செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்தாள். தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. இருளாயி வாங்கி அண்ணாந்து குடித்தாள். குடித்துவிட்டு, மருமகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, பெட்டி வந்த அன்றைக்கு அழுததைப்போல் பெருங்குரலில் அழுதாள். பந்தலே சேர்ந்து அழுதது. நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் தெரியவில்லை, அழவும் எனக்கு அங்கே பாத்தியதை இல்லை.

அழுகை அடங்கியதும் இருளாயி மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள். "அவனுக்கும் ஒரு செம்பு குடு. வெயில்ல வந்துருக்கான்."

அன்புமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வாங்கினேன். ஒரு வாய் உள்ளே போனது. அடுத்த வாய் தொண்டையில் நின்றுகொண்டது. இறங்கவே இல்லை. காலிச் செம்பை வாங்கிக்கொண்டு போக அவள் நின்றுகொண்டே இருந்தாள்.